மேடைக்கு வந்த வரைபடம்

“பேராசிரியருக்கு மாநாட்டு மேடையில் என்ன வேலை? கரும்பலகை இருக்கிறது, கற்பிக்கட்டும்! நூலகம் இருக்கிறது, ஆராயட்டும்! கொடி பறக்கும் இடத்திலே, கோஷம் எழும் இடத்திலே, அவருக்கென்ன வேலை?”

இப்படிக் கேட்போர் இருவகையினர். முதல் வகையினர் மாளிகைவாசிகள். அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. அறிவு தங்கள் பக்கமே இருக்கவேண்டுமென்று விலை கொடுத்துப் பழகியவர்கள், அது விலைக்கு மசியாமல் வேறுபக்கம் நடக்கும்போது வெகுளத்தானே செய்வர்! இரண்டாம் வகையினர் நம்மவர். ஆம், நம்மவரேதான். பந்தற்கால் நட்டு, கொடிக்கயிறு கட்டி, விடிய விடியச் சுவரொட்டி ஒட்டி, பசை காயாத கையோடு வந்து தரையில் அமரும் தொண்டன், கண்ணாடி அணிந்த ஒருவர் மேடையேறி ஏட்டைப் புரட்டத் தொடங்கியதும், பக்கத்திலிருப்பவன் காதில் “இவர் எப்போது முடிப்பார்?” என்கிறான். நானும் அப்படிக் கேட்டவன்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஓடிவந்தவன் நான். பேராசிரியர் என்ற சொல் நெடுங்காலம் எனக்கு வருகைப் பதிவேட்டைத்தான் நினைவூட்டியது.

அந்த எண்ணத்தை மாற்றிய ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அவர் நம் நாட்டவரல்லர். நம் கழனியையோ கடைவீதியையோ கண்டவருமல்லர். நியூயார்க் நகரத்து வீட்டு வாடகையைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசியவர். பீட்டர் மார்க்யூஸ் என்பது பெயர்.

நகரமைப்புத் துறைப் பேராசிரியர் அவர். அது என்ன துறை என்கிறாயா? தெரு எங்கே போகவேண்டும், ஆலை எங்கே எழவேண்டும், எந்த இடத்தில் எத்தனை மாடி கட்டலாம், எவர் குடியிருக்கலாம் என்று வரைபடம் தீட்டும் துறை. ‘எவர் குடியிருக்கலாம்’ என்பதை மட்டும் அத்துறையினர் வாய்விட்டுச் சொல்வதில்லை. வரைபடத்தின் வண்ணங்களுக்குள்ளே ஒளித்துவைப்பர். அமெரிக்க நகரங்களின் வரைபடங்களிலே, மஞ்சள் என்றால் குடியிருப்பு. சிவப்பு என்றால் வணிகம். ஊதா என்றால் தொழில். ஏழை என்றால் எந்த வண்ணம்? அவனுக்கு வண்ணமே கிடையாது, தோழா! அவனுக்கென்று இருப்பது அழிக்கும் ரப்பர் ஒன்றுதான்.

மார்க்யூஸ் 1928-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் மார்க்யூஸ், 1960களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாணவர் உலகைக் குலுக்கிய தத்துவப் பேரறிஞர். 1933-ல் இட்லர் ஆட்சிப்பீடம் ஏறியபோது அந்த யூதக் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்படுவது என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே படித்துவிட்ட பிள்ளை!

ஹார்வர்டில் பட்டம். யேலில் சட்டம். அதன்பின் அவர் போய் அமர்ந்த ஊர் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வாட்டர்பரி. பித்தளை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற தொழிலாளர் ஊர் அது. அங்கே வழக்கறிஞர், 1959 முதல் 1963 வரை நகரமன்ற உறுப்பினர். 1964-ல், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகத் தொண்டர் படை மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்ற அந்தக் கோடையிலே, தொண்டர்கள் மூவர் கொன்று புதைக்கப்பட்ட அதே கோடையிலே, இவரும் அங்கே போனார். நாற்பது வயதைக் கடந்த பிறகு, 1972-ல், பெர்க்லியில் நகரமைப்பில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகே பேராசிரியர் பதவி: முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ், 1975 முதல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம்.

இந்த வரிசையைக் கவனி. பேராசிரியராகி, புகழ்பெற்று, ஓய்வாகப் பொழுதுபோகாமல் மேடைக்கு வந்தவரல்லர் இவர். வீதியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர். நுழைந்தபோது வாசற்படியிலே வீதியின் புழுதியைத் தட்டிவிட்டு நுழையாதவர். இது அபூர்வம். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம், கால் கழுவிக்கொண்டு உள்ளே போனவர்களை!

அவர் வந்து சேர்ந்த நியூயார்க் எப்படி இருந்தது? 1975-ல் நகராட்சியின் கருவூலம் திவாலின் விளிம்பிலே நின்றது. தெற்கு பிராங்க்ஸ் வட்டாரத்தில் இரவுதோறும் கட்டடங்கள் எரிந்தன. வாடகையைவிடத் தீக்காப்பீட்டுத் தொகை இனித்ததால், கட்டட முதலாளிகளில் சிலர் தாங்களே தீவைக்க ஆள் பிடித்தனர். வேறு சிலர் வரி கட்டாமல், குளிர்காலத்தில் வெந்நீருக்கும் வெப்பத்துக்கும் வழிசெய்யாமல், கட்டடத்தையே கைவிட்டு ஓடினர். அதே நகரில், அதே ஆண்டுகளில், மன்ஹாட்டனின் வேறு தெருக்களிலோ பழைய வீடுகள் மெருகேற்றப்பட்டன; பழைய குடிகள் போயினர்; செல்வச் சீமான்கள் வந்தனர். ஒரு தெருவில் சாம்பல். மறு தெருவில் சந்தனம்!

கற்றறிந்தோர் பலர் இவ்விரண்டையும் தொடர்பற்றவை என்றனர். இன்னும் சிலர், சீமான்கள் குடியேறுவதே பாழடைந்த பகுதிக்கு மருந்து என்றனர். மார்க்யூஸ் 1985-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அதை மறுத்தார். கைவிடப்படுவதும் கைப்பற்றப்படுவதும் ஒரே நோயின் இரு முகங்கள். இரண்டிலும் துரத்தப்படுவோர் ஒரே மக்கள். எனவே ஒன்று மற்றதற்கு மருந்தாகாது என்றார்.

அக்கட்டுரையில் நமக்குப் பயன்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. அமீனா வந்து தட்டுமுட்டுச் சாமான்களை வீதியிலே எறிந்தால் மட்டும் அது வெளியேற்றமா? ஒரு வீட்டிலே குடியிருந்தவர் தாமாகவே போய்விடுகிறார். வழக்கில்லை, வாரண்டில்லை. மறுமாதம் அவ்வீட்டின் வாடகை மும்மடங்கு. போனவரைப் போன்ற இன்னொரு குடும்பம் அந்த வாசலை இனி மிதிக்கவே முடியாது. அதையும் வெளியேற்றம் என்றே எண்ணவேண்டும் என்றார் அவர். சுற்றியுள்ள மளிகைக்கடை மூடி, உறவினர் ஒவ்வொருவராய்ப் போய், பழகிய முகமெல்லாம் மறைந்து, இனி இங்கே இருந்து என்ன பயன் என்று ஒருவர் மூட்டை கட்டினால், அதுவும் வெளியேற்றமே. நீதிமன்றத்துப் பேரேட்டில் இவர்கள் பெயர் ஏறாது. ஏறாத பெயர்களைத் தேடிப்பிடித்து எண்ணக் கற்றுக்கொடுத்தாரே, அதற்குத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது. என் போன்றோர் மேடையில் முழங்குவோம், “ஐயோ, துரத்துகிறார்களே!” என்று. “எத்தனை பேரை?” என்று எதிரி கேட்டால், முழக்கம் தொண்டையிலே சிக்கும்!

இன்னொரு கட்டுரை 1978-ல் வெளிவந்தது. அரசு கருணை மிக்கது; ஏழையின் துயர் கண்டு உருகித்தான் வீட்டுச் சட்டங்களை இயற்றுகிறது; இடையிடையே தவறுகிறது, அவ்வளவே! இந்த நம்பிக்கையைக் கட்டுக்கதை என்றார். வரலாற்றைப் பார் என்றார். 1863-ல் நியூயார்க்கில் பெருங்கலவரம் மூண்டது. உள்நாட்டுப் போருக்குக் கட்டாயமாக ஆள் பிடித்தபோது, முந்நூறு டாலர் கட்டிய பணக்காரன் தப்பலாம், ஏழைதான் போகவேண்டும் என்றிருந்தது சட்டம். கொதித்தெழுந்த கூட்டத்தின் வெறி, கொடுமையிலும் கொடுமையாக, ஏதுமறியாக் கறுப்பின மக்கள்மீது பாய்ந்தது. கலவரக்காரர் வந்தது எங்கிருந்து? காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடிக் குடியிருப்புகளிலிருந்து. அதுவரை அந்த இருட்டறைகள் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. நான்கே ஆண்டுகளில், 1867-ல், குடியிருப்புகளுக்கு முதல் சட்டம் பிறந்துவிட்டது! தொற்றுநோய் மாளிகைக்கும் பரவுமே என்ற அச்சம், தீ தங்கள் தெருவுக்கும் வருமே என்ற அச்சம், ஏழை எழுவானே என்ற அச்சம். அச்சத்துக்குக் கருணை என்று பெயர் சூட்டி அரியணையில் அமர்த்தினார்கள்.

இத்தகைய செய்திகளை வைத்துக்கொண்டு அவர் வகுப்பறையோடு நின்றிருந்தால், நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அவர் மாநாடுகளுக்குப் போனார். போய்க்கொண்டே இருந்தார்.

அமெரிக்க இடதுசாரிகளின் மாநாடு எப்படியிருக்கும் என்று நம்மவர்க்குச் சொல்லவேண்டும். நம் ஊரைப்போல் திடலில் பந்தல், தோரண வாயில், இலட்சம் பேர் என்று எண்ணிவிடாதே! 1965-ல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சோஷலிஸ்ட் அறிஞர் மாநாடு என்று ஒன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றது. 1980களில் உயிர்பெற்று 2004 வரை நடந்தது. பிறகு அமைப்பாளர்களுக்குள் பிளவு! (பிளவு இடதுசாரிகளுக்குப் பிள்ளைப்பருவ நோய் என்பார்கள், எனக்கென்னவோ அது பரம்பரை நோயாகப் படுகிறது.) பிளவுக்குப் பின் 2005 முதல் ‘இடதுசாரி மன்றம்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நியூயார்க்கில் கூடினர். கல்லூரிக் கட்டடத்தில் வார இறுதி முழுவதும், ஒரே நேரத்தில் பல அறைகளில் பல அரங்குகள். ஓர் அறையில் ஏகாதிபத்தியம். அடுத்த அறையில் தொழிற்சங்கம். அதற்கடுத்ததில் வீட்டு வாடகை. அந்த மன்றத்தின் அரங்குகளில் மார்க்யூஸ் பேசினார். 1975-ல் தோன்றிய முற்போக்கு நகரமைப்பாளர் வலையமைப்பிலும் பங்கு கொண்டார்.

குறை சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இத்தகைய மாநாடுகளில் ஒரு வியாதி உண்டு. அறிஞர் படிக்க, அறிஞர் கேட்க, அறிஞர் கைதட்ட, அனைவரும் தேநீர் அருந்தக் கலைவர். வாசலில் நுழைவுக் கட்டணம் வேறு! வாடகை கட்ட வழியில்லாத தாய், வாடகைக் கொடுமையைப் பற்றிய அரங்குக்குச் சீட்டு வாங்கி வருவாளா? பாத்திரமே இல்லாத நாடகத்துக்கு வசனம் மட்டும் எழுதுவதுபோலல்லவா அது! நாடகம் எழுதுகிறவன் நான். அந்தப் பிழையை நானும் செய்து, கொட்டகை வெறிச்சோடிக் கிடக்கக் கண்டிருக்கிறேன்.

மார்க்யூஸ் இந்த வியாதியை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். நகரமைப்பு அறிஞனுக்கு மூன்று கடமைகளை அவர் வகுத்தார். முதலாவது, அம்பலப்படுத்துவது: துன்பத்தின் வேரைத் தோண்டி எடுத்து, அதனால் துன்புறுவோர் கையிலே கொடுப்பது. இரண்டாவது, முன்மொழிவது: பாதிக்கப்பட்ட மக்களோடு அமர்ந்து, மாற்றுத் திட்டம் தீட்டித் தருவது. மூன்றாவது, அரசியலாக்குவது: அந்தத் திட்டம் நிறைவேற எவரெவரை எதிர்க்கவேண்டும், எவரோடு கைகோக்கவேண்டும் என்பதை மறைக்காமல் பேசி, களத்திலே உடன் நிற்பது. அறிஞர்களில் பெரும்பாலோர் முதற்படியில் நின்று முனைவர் பட்டம் வாங்குவர். சிலர் இரண்டாம் படிவரை ஏறி அரசாங்கத்தில் ஆலோசகராவர். மூன்றாம் படியில் ஆளைக் காணமுடியாது.

அந்த மூன்றாம் படியில் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு அவருடைய ஊரிலேயே சான்று உண்டு. நியூயார்க்கில் வட்டாரக் குழுக்கள் 59 இருக்கின்றன. ஒன்பதாம் எண் மன்ஹாட்டன் குழுவில் மார்க்யூஸ் உறுப்பினராயிருந்து, வீட்டுவசதிப் பணியையும் பார்த்தவர். மேற்கு ஹார்லெம் அந்தக் குழுவின் எல்லைக்குள் அடங்கும். அவர் பணியாற்றிய கொலம்பியாப் பல்கலைக்கழகமும் அந்த எல்லைக்குள்ளேயே. அப்பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் பதினேழு ஏக்கர் பரப்பில் தன்னை விரிவாக்கத் திட்டமிட்டது. 2007 ஆகஸ்டில் வட்டாரக் குழு அத்திட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. எதிர்ப்பு 32, ஆதரவு 2! ஆனால் வட்டாரக் குழுவின் தீர்மானம் ஆலோசனைதான், ஆணையன்று. அதே ஆண்டு டிசம்பரில் நகரமன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டது. முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன, உயர்ந்தபடியே நின்றன.

பலன் உடனே கிட்டாத இடத்தில் பலர் சலித்துப்போவர். இவர் வாழ்விலோ அதைவிடப் பெரிய சலிப்புக்கும் இடமிருந்தது. 1989-ல் ஓராண்டு ஆய்வுக்காகக் கிழக்கு ஜெர்மனிக்குப் போனார். போன சில மாதங்களில், நவம்பர் 9-ஆம் நாள் இரவு, பெர்லின் சுவர் திறந்தது. வீட்டு வாடகையை மிகமிகக் குறைவாகவே வைத்திருந்த நாடு அது. ஆனால் பழைய நகர்ப்பகுதிகள் பழுதுபார்ப்பாரின்றிச் சரிந்துகொண்டிருந்தன. எங்கே எதைக் கட்டலாம் என்பதில் குடியிருப்போருக்குச் சொல் இல்லை. சுவருக்கு உள்ளேயிருந்து சோஷலிசத்தைச் சீர்திருத்த முயன்றோரை அவர் கண்டார். 1990 மார்ச் தேர்தலில் அவர்கள் ஓரங்கட்டப்பட்டதையும் கண்டார். அந்த ஆண்டின் நாட்குறிப்பை 1991-ல் நூலாக வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் ‘மார்க்சைக் காணோம்’ எனலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, அவரில்லாமல் ஏங்குகிறேன் என்றும் பொருளுண்டு! இடதுசாரிகள் ஆண்ட நாட்டின் குறைகளை இடதுசாரி ஒருவரே எழுதினார். மறைத்திருந்தால் மேடையில் மாலை இன்னும் இரண்டு விழுந்திருக்கும்.

2008 செப்டம்பரில் நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி சரிந்தது. வீட்டுக்கடனை மூட்டை மூட்டையாகக் கட்டி, சந்தையில் விற்று, விற்றதை மீண்டும் விற்று நடத்திய சூதாட்டம் குலைந்தது. தோற்றவர் யார்? ஆடியவருக்கு அரசு பணம் தந்து தூக்கி நிறுத்தியது; கடனில் வீடு வாங்கிய இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீதிக்கு வந்தன. அந்தச் சரிவுக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், நவம்பரில், பெர்லினில் நகரமைப்பு அறிஞர்கள் மாநாடு கூட்டினர். மார்க்யூஸின் எண்பதாம் பிறந்தநாளையொட்டிய மாநாடு அது. குழந்தையாய்த் துரத்தப்பட்ட ஊரில், எண்பது வயதில்! பொன்னாடை போர்த்திப் புகழ்பாடிக் கலையவில்லை அவர்கள். நகரம் மக்களுக்கா, இலாபத்துக்கா என்ற கேள்வியை எடுத்து விவாதித்தனர். பின்னர் அதே பொருளில் நூலும் வந்தது. அதன் பதிப்பாசிரியர் மூவரில் மார்க்யூஸும் ஒருவர்.

‘நகரத்துக்கான உரிமை’ என்ற முழக்கம் அந்நாளில் எங்கும் ஒலித்தது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி லெஃபெவ்ர் 1968-ல் தந்த சொற்றொடர் அது. 2007-ல் அமெரிக்கக் குடியிருப்போர் அமைப்புகள் லாஸ் ஏஞ்சல்ஸில் கூடி அந்தப் பெயரிலேயே கூட்டணி கண்டன. முழக்கம் பரவினால் என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததன்று. பகைவனும் அதைப் பச்சை குத்திக்கொள்வான்! மார்க்யூஸ் 2009-ல் அந்த முழக்கத்தைக் கேள்விகளால் துளைத்தார். உரிமை எவருக்கு? பங்குச்சந்தைத் தரகருக்கும் நிலவணிகருக்கும் நகரத்தின் மீது உரிமை ஏற்கெனவே உண்டே! இல்லாதாருக்கும், இருந்தும் இந்த வாழ்வில் மனம் ஒட்டாதாருக்கும் அல்லவா அது வேண்டும்? நகரம் எது? இன்றிருக்கும் நகரத்தில் ஒரு மூலையா, இனி எழுப்பவேண்டிய வேறொரு நகரமா? தான் நேசிக்கும் முழக்கத்தையே குறுக்கு விசாரணை செய்தார். வழக்கறிஞர் அல்லவா?

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2011 செப்டம்பர் 17 அன்று, வால் தெருவின் பணமூட்டைகளை எதிர்த்து இளைஞர் கூட்டம் கிளம்பியது. முதலில் குறிவைத்த சதுக்கத்தைக் காவலர் வேலியிட்டு அடைத்துவிட்டனர். கூட்டம் அருகிலிருந்த சிறு பூங்காவுக்குள் நுழைந்தது. அங்கேயே படுத்தது, சமைத்தது, கூடிப் பேசியது. ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. என்ன செய்தனர் தெரியுமா? பேசுகிறவர் ஒரு வரி சொல்ல, அருகிலுள்ளோர் அனைவரும் அதே வரியை உரக்கத் திருப்பிச் சொல்ல, அவர்களுக்கு அப்பாலுள்ளோர் அதை மீண்டும் முழங்க, அலையலையாய்ப் பேச்சு பரவியது. தொழிலாலே பேச்சாளனான நான் இதைக் கேள்விப்பட்டபோது பொறாமைப்பட்டேன். தன் வாக்கியம் ஒவ்வொன்றையும் ஆயிரம் வாய்கள் திருப்பிச் சொல்லும் என்று தெரிந்தால், எந்தப் பேச்சாளன் வெற்றுச் சொல் பேசத் துணிவான்!

நகரத்துப் பூங்காக்கள் எல்லாம் இரவில் பூட்டப்படும்போது, அந்தப் பூங்காவில் மட்டும் இரவு தங்க எப்படி முடிந்தது? விடை வரைபடத்தில் இருக்கிறது, தோழா! அது நகராட்சியின் பூங்காவன்று; தனியாருடையது. 1968-ல் ஓர் எஃகு நிறுவனம் தன் கோபுரத்தை உயரமாக எழுப்ப நகராட்சியிடம் சலுகை பெற்றது. பதிலுக்குப் பொதுமக்களுக்கென்று அந்த இடத்தை விட்டது. இரவும் பகலும் திறந்திருக்கவேண்டும் என்பது விதி. கோபுரத்துக்கு விலையாகக் கொடுத்த பூங்கா, கோபுரத்தை எதிர்த்தோருக்குப் பாசறை ஆயிற்று! அதன் பெயருக்கும் ஒரு கதையுண்டு. முதலில் சுதந்திரத்தின் பெயர்தான் தாங்கியிருந்தது. 2006-ல் அதை ஜுக்கோட்டி பூங்கா என மாற்றினர். யார் அந்த ஜுக்கோட்டி? பூங்காவை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் தலைவர். அதற்கு முன்? 1970களில் நியூயார்க் நகரமைப்புக் குழுவின் தலைவர்! நாடகத்தில் நான் இப்படி எழுதினால், “மிகை, மிகை!” என்று விமர்சகர் என்னைக் கிழிப்பர்.

எண்பத்து மூன்றாம் வயதை எட்டிக்கொண்டிருந்த மார்க்யூஸ் அந்த இயக்கத்தை ஆதரித்து எழுதினார். மக்கள் கூடிப் பேச இடம் தருவது நகராட்சியின் கடமை. சலுகை காட்டுவதும் மறுப்பதுமாக அதைத் தனியார் கையில் விடலாகாது என்று வாதிட்டார். ஆனால், கைதட்டல் வாங்கும் அந்தப் பேச்சோடு நிறுத்தவில்லை. இடத்தைப் பிடித்து வைத்திருப்பதே இயக்கம் என்று மயங்கிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். பூங்கா கருவி, குறிக்கோள் வேறு. கூடாரத்தைக் காப்பதிலேயே வலிமையெல்லாம் செலவானால், வங்கிகளை எதிர்க்க எவர் மிஞ்சுவர்? நவம்பர் 15 நள்ளிரவுக்குப் பின் காவலர் படை புகுந்து பூங்காவைக் காலிசெய்தது. அங்கே அவர்கள் திரட்டியிருந்த நூலகத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். பெரும்பகுதி குப்பையோடு போயிற்று. கூடாரம் போனபின் இயக்கம் சோர்ந்ததைக் கண்டவர்கள், முதியவர் சொன்னதை எண்ணிப் பார்த்திருப்பர்.

மேடையில் பேராசிரியர் எதற்கு என்றால், நான் காட்டுவது அந்த எச்சரிக்கையைத்தான். நம்மை உசுப்ப ஆயிரம் பேர் இருக்கிறோம். நம் பக்கமே நின்று, நம் பிழையை நம் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை பேர்? அதைக் கேட்டுக்கொண்டு தரையில் அமர்ந்திருக்க எத்தனை பேர்?

2016-ல், இளைய அறிஞர் டேவிட் மேடனோடு சேர்ந்து, வீடு என்பதைப் பாதுகாக்க நூலொன்று எழுதினார். வீடு குடியிருப்பதற்கா, கொண்டுபோய் விற்பதற்கா என்பதே அதன் வழக்கு. அந்த நாளில் மன்ஹாட்டனில் வானைத் துளைக்கும் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன. 2015-ல் கட்டி முடித்த ஒன்றின் உயரம் 426 மீட்டர்! அத்தகைய கோபுரங்களிலே மாடி மாடியாகப் பெயர் தெரியா நிறுவனங்கள் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் உண்டு, விளக்கேற்ற ஆளில்லை. எங்கள் நாடகக் கொட்டகையில் திரை தீட்டுபவர் அழகான தெரு ஒன்றை வரைந்து தருவார். வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு சாளரம். உள்ளே எவரும் இருக்கமாட்டார்கள். இருக்கவேண்டிய நடிகனோ, காட்சி முடிந்தபின் அந்தத் திரையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தரையில் படுப்பான்.

மார்க்யூஸ் 2022 மார்ச்சில், 93 வயதில் மறைந்தார். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2021 செப்டம்பர் 26 அன்று, அவர் பிறந்த பெர்லின் நகரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மூவாயிரத்துக்கு மேல் வீடுகள் வைத்திருக்கும் பெரு நிறுவனங்களின் வீடுகளை, இழப்பீடு கொடுத்துப் பொதுவுடைமை ஆக்குவதா, வேண்டாவா? குடியிருப்போர் சங்கத்தினர் வீடு வீடாய்ப் படியேறி, கையொப்பம் திரட்டிக் கொண்டுவந்த கேள்வி. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றனர், பெரும்பான்மை! ஆனால் அந்த வாக்கும், ஹார்லெமின் முப்பத்திரண்டு கைகளைப்போல, ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் ஆணையாக அமையவில்லை. வென்றவர்கள் காத்திருந்தனர். ஆட்சியினர் ஆய்வுக்குழு அமைத்தனர். இத்தகைய சட்டம் இயற்ற இடமுண்டு என்று 2023-ல் அக்குழுவே சொன்ன பின்னும் சட்டம் வரவில்லை. அந்த ஆண்டே சங்கத்தினர் முடிவெடுத்தனர்: இன்னொரு வாக்கெடுப்பு, இம்முறை வேண்டுகோளாக வேண்டா, சட்டத்தின் வாசகத்தையே நாம் எழுதி மக்கள் முன் வைப்போம் என்று. சட்டம் தெரிந்தவர்களையும், நிலக் கணக்கு தெரிந்தவர்களையும், வாடகைப் பேரேடு தெரிந்த குடித்தனக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் வேலை அது.